ஃபியூஸ் மேடம் எழுதிய ஒரே நல்ல கதை

மின்சார அலுவலகத்துப் புகார் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. போனை எடுத்ததும் ஃபியூஸ் போயிருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் ஃபியூஸ் மேடம். நாற்பத்தொரு வயது. கணவர் இறந்தபின் அக்கா வீட்டில் ஓர் அறையில் இருந்தார். அது அக்காவின் ஒரே மகளுடைய அறை. பத்தொன்பது வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்ட பெண்.

மேடத்துக்குக் கதை எழுதும் ஆசை எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. புகார்ப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவார். நூலக மாடியில் எட்டு சனிக்கிழமைகள் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பல புத்தகங்கள் எழுதிய நாவலாசிரியை. இன்னொருவர் வாழ்நாள் முழுக்கச் சிறுகதை மட்டுமே எழுதியவர்.

மேடத்தின் முதல் கதை பதினோரு பக்கம். ஒரு பணக்காரர் மனம் திருந்துகிறார். சிறுகதைக்காரர் அதில் ஒன்பது பக்கங்களைக் குறுக்கே அடித்துவிட்டு, மீதி இரண்டையும் சந்தேகத்தோடு திருப்பிக் கொடுத்தாராம். சிரித்துக்கொண்டேதான் மேடம் இதை என்னிடம் சொன்னார். ஆனால் அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

இருந்தும் விடவில்லை. கேட்ட கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை, அந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது என்று சிறுகதைக்காரர் சொன்னபோது மேடத்துக்குச் சட்டென்று பிடிபட்டது. எந்தத் தெரு என்று நாங்கள் போனில் கேட்டால், அம்மாவுக்கு மூச்சு வாங்குது என்பார்கள். இதைத்தானே அவர் பதினைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாவலாசிரியை வேறொன்று சொன்னார்.

"அழுதாள்னு எழுதாதீங்க. உங்க வீட்ல யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒண்ணு இருக்கும். அதைப் பாத்து எழுதுங்க."

மேடம் எழுதினார். தினமும் காலை ஆறு மணிக்கு அக்கா அந்த அறைக் கதவை இரண்டு தடவை மெதுவாகத் தட்டுவார். "எழுந்திரும்மா, நேரமாச்சு" என்பார். உள்ளே மேடம் விழித்துக்கொண்டு படுத்திருப்பார். அந்தக் குரல் தனக்கானது இல்லை என்று அவருக்குத் தெரியும். அக்காவின் காலடிச் சத்தம் சமையலறைக்குப் போகும்வரை அசையமாட்டார். ஐந்து வருடமாக இப்படி. இவ்வளவுதான் கதை, நாலரைப் பக்கம்.

வகுப்பில் மேடம் அதைப் படித்தார். சிறுகதைக்காரர் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. நாவலாசிரியை அதை வாங்கித் தனக்குத் தெரிந்த பத்திரிகைக்கு அனுப்பினார். அக்கா கதையெல்லாம் படிக்கிறவர் இல்லை என்ற தைரியத்தில் மேடம் சம்மதித்தார். வெளிவந்த நாளில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

பத்திரிகை எதிர்வீட்டு டீச்சர் கையில் போய் விழுந்தது. உங்கள் தங்கை எழுதியது, படித்து அழுதுவிட்டேன் என்று அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே முழுவதையும் படித்தாராம்.

மறுநாள் ஆறு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. அக்காவுக்கு உடம்பு முடியவில்லையோ என்று பதறி மேடம் எழுந்து போனார். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உனக்கு அது கேக்கும்னு நான் நினைக்கவே இல்லடி. நீ தூங்கறேன்னுதான் நினைச்சேன்."

"அக்கா, நான் தப்பா ஒண்ணும் எழுதல."

"தப்பா எழுதலதான். அப்படியே எழுதியிருக்க. அவகிட்ட நான் பேசறது அந்த ஒரு நேரம்தான். இனிமே எப்படித் தட்டுவேன்? தட்டினா உன் கதையில வர்ற மாதிரி இருக்கும்."

அறையைக் காலி செய்துவிடுகிறேன் என்றார் மேடம். "இருந்துக்கோ. இனிமே அது வெறும் ரூம்தானே" என்றார் அக்கா. அத்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் அங்கேயே இருந்து பார்த்தார் மேடம். தினமும் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடும். வெளியே துடைப்பத்தின் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் இடம் பிடித்துக்கொண்டார்.

மேடம் நாவலாசிரியையின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"என் தம்பி என்கிட்ட பேசி பதினோரு வருஷம் ஆகுது. முதல் நாளே இதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொன்னா வகுப்புக்கு யார் வருவா?" பிறகு, "அடுத்து என்ன எழுதறீங்க?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்விதான் தன்னை அதிகம் பயமுறுத்தியது என்றார் மேடம். எழுத உட்கார்ந்தால் கண்ணில் படுவதெல்லாம் யாரோ ஒருவருடையது. பக்கத்துக் கட்டில்காரி தூக்கத்தில் சொல்லும் பெயர், சமையல்காரம்மா ஒளித்துவைத்துக்கொள்ளும் கடிதம். யாருக்கும் வலிக்காமல் கற்பனையாக எழுதிப் பார்த்தார். பொய் என்று அவருக்கே அப்பட்டமாகத் தெரிந்தது. இப்போது அடித்துவிட சிறுகதைக்காரர் வேண்டியதில்லை. அவரே அடித்துவிடுவார், பதினோரு பக்கத்தையும். கற்றுக்கொண்டதை மறக்க முடிந்தால் பழையபடி மோசமாகவாவது எழுதுவேன் என்றார் ஒருநாள்.

நூலக வகுப்பு இன்னும் நடக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு மேடத்தின் கதையை நகலெடுத்துக் கொடுக்கிறார்களாம், எப்படிக் கவனிப்பது என்பதற்கு உதாரணமாக.

போன மழையில் அக்கா வீட்டுத் தெருவில் கம்பி அறுந்தது. அன்று மேடத்துக்கு வந்த ஓர் அழைப்பில் பேசியது அக்கா. இணைப்பு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். மேடம் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். எப்போது வருவார்கள் என்று கேட்டார் அக்கா. ஒரு மணி நேரத்தில் என்றார் மேடம். சரிங்க என்று அக்கா வைத்துவிட்டார்.

அந்த "சரிங்க"வைச் சொல்லிவிட்டு மேடம் என்னைப் பார்த்தார். இதையும் எழுதலாம் என்று தோன்றியதாகவும், தோன்றியதற்காகவே தன்மேல் வெறுப்பாக இருப்பதாகவும் சொன்னார். பிறகு அடுத்த அழைப்பை எடுத்தார்.