நஸீஹாவின் மீசையும் பூராவியின் முத்திரையும்

மீசை ஒட்ட நஸீஹா பசை தேடி அலைந்த கதையை அந்தச் சுரங்க ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். கடைசியில் பேரீச்சம்பழப் பாகுதான் கைகொடுத்தது. ஈ மொய்த்தது. ஆனால் மீசை விழவில்லை.

அவள் நடிகை இல்லை. பள்ளிக்கூடப் பெண்கள் போடும் மேலங்கிகளைத் தைத்துக் கொடுப்பவள். முப்பத்திரண்டு வயது. அதிபர் நாட்டைவிட்டு ஓடி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது, காதுதான் இன்னும் திறக்கவில்லை. அதிபருக்கு எதிராகச் சுரங்க வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் ஜிலானியின் காபிக்கடையில் உட்கார்ந்தார்கள். பழைய கட்சியோடு இருந்தவர்களுக்கு எதிர்ச்சாரிக் கடை. நடுவில் எட்டடித் தெரு. அதைத் தாண்டி ஒரு சலாம்கூடப் போனதில்லை.

அந்த ஊரில்தான் பேட்டை பேட்டையாக நாடகம் போடக் கிளம்பினார் ஃபெத்தி வாத்தியார். நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. கதை போகிற போக்கு பிடிக்காதவர் எழுந்து நின்றால் போதும், நாடகம் நிற்கும். அவரே உள்ளே வந்து, பிடித்த வேஷத்தை வாங்கிக்கொண்டு, தன் இஷ்டப்படி நடத்திக் காட்டலாம். முதலில் கைதட்டினால் நிற்கும் என்றுதான் வைத்திருந்தார். ஜனங்கள் நல்ல இடங்களிலெல்லாம் சந்தோஷத்தில் தட்ட, பத்து நிமிஷ நாடகம் ஒன்பது தடவை நின்றுபோனது. அப்புறம்தான் எழுந்து நிற்பது வந்தது.

நஸீஹாவைத் திரை தைக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கதை உம்தாவைப் பற்றியது. உம்தா என்றால் பேட்டைக்கு ஒருவராகப் பழைய அரசு வைத்திருந்த அதிகாரி. அவர் முத்திரை குத்தாமல் யாரும் பிறக்கவும் முடியாது, சாகவும் முடியாது. அந்த வேஷத்துக்கு ஆண்கள் யாரும் முன்வரவில்லை. நாளைக்கே அந்தக் கட்சி திரும்பி வந்துவிட்டால் என்று ஒருவன் பயந்தான். நிஜ உம்தா என்று நினைத்து அடித்துவிட்டால் என்று இன்னொருவன். பல்லில் குண்டூசியைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "நான் போடறேன்" என்றாள்.

காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் அவளுக்குத் தலைநகரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. உம்தா கையால் ஓர் இருப்பிடச் சான்று வேண்டும். அவள் பேட்டைக்குப் பூராவிதான் உம்தா; முத்திரை எப்போதும் அவர் கோட்டுப் பையிலேயே இருக்கும். போனாள். நாளைக்கு வா என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். பதினேழு நாள் நடந்தாள். அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. முடியாது என்று அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போது அவர் எதிர்ச்சாரியில் காபி குடிப்பது, மெஷினில் உட்கார்ந்தால் அவளுக்குத் தெரியும். பதின்மூன்று வருஷமாக அவளிடம் ஒரே கேள்விதான்: ஏன்? தான் மரியாதையாகப் பேசவில்லையோ, நின்ற விதம் பிடிக்கவில்லையோ என்றெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே யோசித்திருக்கிறாள்.

ஐந்து பேட்டைகளில் மீசையோடு உட்கார்ந்து, அவர் இழுக்கிற மாதிரியே இழுத்து "நாளைக்கு வா" சொன்னாள். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எழுந்து வந்தவர்கள் எல்லோரும் மனு கொடுப்பவர் இடத்தில் நின்று உம்தாவைத் திட்டித் தீர்த்தார்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருவரும் உம்தாவைக் கேட்கவில்லை. அவளுக்கும் முதலில் இனிக்கத்தான் செய்தது. மூன்றாவது நாடகம் முடிந்ததும் சந்தேகம் வந்தது.

"நாம பேச வைக்கிறோமா, திட்ட வைக்கிறோமா வாத்தியாரே?"

ஃபெத்தி தலையைச் சொறிந்தார். தனக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஆறாவது நாடகம் நஸீஹாவின் தெருவிலேயே, இரண்டு காபிக்கடைக்கும் நடுவில். பூராவி நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. நாடகத்தில் கட்சிக்காரர் ஒருவர் வந்து காகிதத்தை நீட்டுவார், அவருக்கு மட்டும் அந்த நிமிஷமே முத்திரை விழும். நஸீஹா ஓங்கிக் குத்தினாள்.

எதிர்ச்சாரியில் நாற்காலி கிறீச்சிட்டது. பூராவி எழுந்து நின்றுவிட்டார்.

விதி விதிதான். நாடகம் நின்றது. அவர் எட்டடியையும் கடந்து வந்தார்.

"ஊதாம குத்தினா மை எப்படிப் பிடிக்கும், பொண்ணே? இருபத்திரண்டு வருஷம் ஊதியிருக்கேன். இப்படிக் குடு." வாங்கி, வாயருகே வைத்து 'ஹா' என்று ஊதினார். பிறகுதான் அதைத் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, மக்ரூத் அச்சா?"

பலகாரத்தில் பூப் பதிக்கும் மர அச்சுதான் அது. ஃபெத்தியின் மனைவி இரவல் கொடுத்தது. தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே ஃபெத்தி அவர் தோளை மெதுவாக அழுத்தி உம்தா நாற்காலியில் உட்காரவைத்தார். விதிப்படி இனி நீங்கள்தான் என்றார். தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் பூராவிக்கு உறைத்தது. எழுந்து போயிருக்கலாம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, அவர் போகவில்லை.

நஸீஹா மீசையைப் பிய்த்தாள். பாதிதான் வந்தது. பாதி மீசையோடு எதிரே போய் நின்றாள்.

"இருப்பிடச் சான்று வேணும்யா. நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு."

"நாளைக்கு வா."

அவர் நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. இரண்டு காபிக்கடையும் ஒன்றாக வெடித்துச் சிரித்தன. அவருக்குக் காதுமடல் சிவந்தது. பிறகு அவர் தோளும் குலுங்கியது.

நஸீஹா சிரிக்கவில்லை. "பதினேழு நாள் வந்தேன். நான் என்ன தப்பு பண்ணினேன்?"

அச்சைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நீ ஒண்ணும் பண்ணலை. உன் மாமா சுரங்கத்துல சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறான், அந்த வீட்டுக்கு எதுவும் குடுக்காதேன்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. குடுக்க எனக்கு தைரியமில்லை. குடுக்க மாட்டேன்னு உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியமில்லை. அதான் நாளைக்கு, நாளைக்குன்னு."

ஜிலானி கடைப் பக்கத்திலிருந்து ஒருவன் திட்ட ஆரம்பித்தான். "திட்டறதுன்னா எழுந்து நில்லு. வந்து அந்த நாற்காலியில உக்காந்து, நீ என்ன பண்ணியிருப்பேன்னு காட்டு" என்றார் ஜிலானி. அவன் எழுந்தான். நாற்காலியைப் பார்த்தான். இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

நஸீஹா காகிதத்தை நீட்டினாள். பூராவி மறுபடி ஊதி, நிதானமாக அழுத்தினார். நடுவில் ஒரு பூ விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இனி எந்தப் பள்ளியிலும் சேர முடியாது. மன்னித்துவிட்டோமா என்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை மெஷினை மிதித்தபோது, தான் நின்ற விதத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்பதைப் பாதி அங்கி தைத்த பிறகுதான் கவனித்தாள்.

வாசலில் பூராவி நின்றார். கையில் உள்துணி கிழிந்த கோட்டு. எதிர்ச்சாரியிலேயே ஒரு தையற்காரர் உண்டு.

வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றாள்.

அவர் நகரவில்லை. "எத்தனை தடவை?"

"ஒரே தடவை. நான் தையற்காரி, உம்தா இல்லை." கோட்டுப் பையில் ஏதோ இடித்தது. எடுத்தாள். மக்ரூத் அச்சு. "இதை ஃபெத்தி வீட்டுல காலையிலேர்ந்து தேடறாங்க, ஐயா."

"பழக்கதோஷம்" என்றார் பூராவி.