சொதி விட்டோ, விடாமலோ?

போன கிழமை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு படிவம் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். நோயாளிக்கு எது விழுங்க முடிகிறது, எது முடியவில்லை என்று அடையாளம் போட ஐந்து கட்டங்கள். கெட்டிச் சாப்பாட்டில் தொடங்கிக் கஞ்சி, தண்ணீர் என்று போய், கடைசிக் கட்டத்தில் எச்சிலும் இறங்காது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தாதி என்ன பகிடி என்று கேட்டாள். புட்டை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உங்களுக்கென்றால் சொல்லலாம்.

உணவுக்குழாய், இரைப்பை, குடல் இவற்றில் வரும் புற்றுநோயை வெட்டி எடுப்பதுதான் என் தொழில். இதை நான் பெரிய பெரிய நாடுகளில் படித்ததாக இங்கே நினைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. உண்மையில் எண்பத்திமூன்று கலவரத்தோடு கொழும்பை விட்டு ஒரு சூட்கேசோடு சொந்த ஊரான உடுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தவன் நான். ஆறு மாதத்தில் திரும்பிப் போவதாகத்தான் எண்ணம். பன்னிரண்டு வருடம் நின்றேன். ஆறு மாதம் என்று அம்மாவிடம் சொன்ன வாயை நானே பலமுறை நக்கலடித்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் சண்டைக் காயங்களுக்கு நடுவில் மற்ற வருத்தங்களும் வந்துகொண்டுதான் இருந்தன. வெற்றிலையோடு புகையிலையும் போட்டுப் பழகிய சனம். செல் குண்டு விழுகிறது என்று கட்டி வளராமல் நிற்குமா? தொண்ணூறுக்குப் பிறகு கரண்டும் இல்லை. தொண்டைக்குள்ளே விட்டுப் பார்க்கிற குழாய் ஒன்று எங்களிடம் இருந்தது, நல்ல சாமான், ஆனால் அதன் விளக்கு எரிய ஜெனரேற்றர் ஓட வேண்டும். டீசல் இருந்த அளவுக்கு அது செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் ஓடும். ஒரு நாளைக்கு இரண்டு பேரைப் பார்க்கலாம், கூடினால் மூன்று. வாசலில் நிற்பவர்களோ முப்பது. யாருக்குக் குழாய் விடுவது, யாருக்கு மாத்திரை கொடுத்து அனுப்புவது?

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாரிடமும் கேட்பேன்: "புட்டு இறங்குதோ?"

சிரிக்காதீர்கள். புட்டு காய்ந்த சாமான். குரக்கன் மாப் புட்டு என்றால் நல்ல தொண்டையே ஒருக்கா யோசிக்கும். புட்டு இறங்கினால் வாய்வு என்று மாத்திரை, இறங்காவிட்டால் குழாய். அந்தக் கேள்வியில் எனக்கு அப்படி ஒரு பெருமை. சனம் எனக்குப் புட்டு டொக்டர் என்று பட்டம் வைத்ததும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன்.

பிலோமினா அக்கா வந்தது அந்தப் பெருமை உச்சத்தில் இருந்த காலத்தில். குருநகர் ஆள். சந்தையில் கருவாடு விற்பவர். இடம்பெயர்ந்து அரியாலையில் தங்கச்சி வீட்டில் இருந்தார். ஐம்பது வயது, வெண்கலக் குரல். நெஞ்சுக்குள் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். புட்டு இறங்குதோ என்று கேட்டேன். "ஓம், அது வடிவா இறங்குது" என்றார். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஐந்து கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது சட்டை தோளில் தொங்கியது.

"பாணும் நிக்குது டொக்டர் தம்பி. தேத்தண்ணியிலை தோச்சாத்தான் போகுது."

"புட்டு இறங்குது எண்டு சொன்னனீங்களெல்லே?"

"புட்டு இப்பவும் இறங்குதுதானே."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது எனக்குப் பின்னால் நின்ற றெஜினா மிஸ்ஸி வாயைத் திறந்தார். எங்கள் ஒப்பரேசன் தியேட்டருக்குப் பொறுப்பான தாதி, அவரும் குருநகர்தான். அவருடைய நாக்குக்குப் பயந்து நான் வார்ட்டுக்கு நேரத்துக்கு வருவேன்.

"அக்கா, சொதி விட்டோ, விடாமலோ?"

"சொதி விடாமல் ஆர் புட்டுத் தின்னுவினம்? மிதக்க விட்டுத்தான்."

மிஸ்ஸி என்னைத் திரும்பிப் பார்த்தார். "உடுப்பிட்டிக்காரருக்கு உது விளங்காது" என்றார். எங்கள் வீட்டில் சொதி இடியப்பத்துக்குத்தான். புட்டுக்குக் கத்தரிக்காய்ப் பொரியல், இல்லாவிட்டால் சம்பல். தேங்காய்ப்பாலில் மீன் போட்டுக் காய்ச்சிய சொதியில் புட்டை மூழ்கடித்தால் அது புட்டில்லை, கஞ்சி. கஞ்சி இறங்கியதை நான் புட்டு இறங்கியதாக எழுதிவைத்திருந்தேன். எத்தனை புத்தகம் படித்து என்ன, மற்ற வீட்டுக் கோப்பையை எட்டிப் பார்க்காத மூதேவி நான்.

வெள்ளிக்கிழமை குழாய் விட்டேன். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் கட்டி. நான் வீணாக்கிய ஐந்து கிழமைக்குள் அது பரவியிருந்தால் அக்கா போய்விடுவார், கொன்றவன் நான். அவரிடம் மறைக்கவில்லை. "பிழை என்ரை அக்கா. போன முறையே பாத்திருக்க வேணும்" என்றேன்.

"அதை விடுங்கோ. வெட்டி எடுக்க ஏலுமோ, ஏலாதோ?"

"ஏலும்."

சொல்லிவிட்டேன். கொழும்பில் இந்த ஒப்பரேசனுக்கு நான் பக்கத்தில் நின்று உதவி செய்திருக்கிறேன், அவ்வளவுதான். கத்தி என் கையில் இருந்ததில்லை. கட்டியுள்ள உணவுக்குழாயை வெட்டி எடுத்து, இரைப்பையை மேலே நெஞ்சுக்குள் இழுத்து, மிச்சக் குழாயோடு பொருத்த வேண்டும். பழைய புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை எனக்குப் பாடமாகும்வரை வாசித்தேன். அக்காவுக்கு இரத்தம் கொடுக்கக் கடல்தொழில் செய்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தன்னை இரண்டுதரம் எடுக்கச் சொல்லி மிஸ்ஸியோடு சண்டைக்குப் போனார்.

திறந்து பார்த்தேன். கட்டி ஈரலுக்குப் போகவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், எங்கும் போகவில்லை. அந்த நிமிடம் எனக்கு யாராவது முத்தம் தந்தாலும் தெரிந்திருக்காது. கடைசித் தையல்கள் போடும்போது ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது. மயக்க மருந்து டொக்டர் கையால் மூச்சுப் பையை அமத்திக்கொண்டிருந்தார். உதவியாளர் கந்தையா அண்ணை இரண்டு கையிலும் டோர்ச் பிடித்தார். "கையை ஆட்டாதையுங்கோ அண்ணை" என்றேன். "ஆடுறது உங்கடை கை டொக்டர்" என்றார். உண்மைதான். ஒரு மூச்சு விட்டுவிட்டுத் திரும்பவும் தைத்தேன்.

பொருத்திய இடம் ஒழுகுகிறதா என்று ஏழாம் நாள் பார்க்க வேண்டும். ஒழுகினால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும், பிறகு கதை முடிந்தது. எக்ஸ்றேயில் பார்க்க விழுங்கக் கொடுக்கும் மருந்து கொழும்பிலிருந்து வருகிற கப்பலில் வரவேயில்லை. நீலச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். அக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு ரியூப் கட்டிலுக்குக் கீழே இருந்த போத்தலுக்குப் போனது. போத்தலில் நீலம் வந்தால் தோல்வி. அக்கா நீலப் பல்லோடு சிரித்துக்கொண்டு கிடந்தார்.

"சிவபெருமானுக்குத் தொண்டையிலை நிண்டது. உங்களுக்குக் கீழை போகவேணும் பிள்ளை" என்றார் கந்தையா அண்ணை.

"ஆருக்கு நேருறது எண்டு சொல்லுங்கோ, அவருக்கும் நேருறன்" என்றார் அக்கா.

நானும் மிஸ்ஸியும் கந்தையா அண்ணையும் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அரை மணி. ஒரு மணி. மிஸ்ஸி குனிந்து போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு பொட்டு நீலம் இல்லை" என்றார். நான் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போய் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான். திரும்பி வந்தபோது மிஸ்ஸி ஒரு தேத்தண்ணி தந்தார், அதில் சீனி இருந்தது. அந்த நாளில் சீனி எங்கே கிடைத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு எங்களைப் பிடிக்க ஏலவில்லை. வல்வெட்டித்துறையிலிருந்தெல்லாம் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கேள்வியும் திருந்திவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே, "சொதி விடாமல் இறங்குதில்லை டொக்டர்" என்று வரிசையில் நிற்பவர்களே சொல்வார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொள்வார்கள். கட்டி சின்னனாக இருக்கும்போதே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரையும் காப்பாற்றவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு ஜெனரேற்றரையும் ஒரு சொதியையும் வைத்துக்கொண்டு நாங்கள் வென்றோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எல்லாரையும் ஒரு பதிவுப் புத்தகத்தில் எழுதி வந்தேன். பெயர், ஊர், என்ன வெட்டினேன், எத்தனை வருடம் உயிரோடு இருக்கிறார்கள் என்று. தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறது என்று ஊரே மழைக்குள் வெளிக்கிட்டபோது, படுத்தே கிடந்த நோயாளிகளைக் கொண்டுபோவதா புத்தகத்தைக் கொண்டுபோவதா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. புத்தகம் போய்விட்டது. வேறொரு நாட்டில் மேல்படிப்புக்கு என்னைக் கேள்வி கேட்டவர்கள், நீர் செய்த ஒப்பரேசன்களின் பலனுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். இடம் தந்தார்கள், ஆனால் முதல் வகுப்பிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். சரி என்று தொடங்கினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு பின்னேரம் போன் வந்தது. பிலோமினா அக்காவின் மகள், மன்னாரிலிருந்து. அம்மா மோசம் போயிட்டா என்றாள். எண்பது கடந்த வயது. என்ன வருத்தம் என்று கேட்டேன்.

"மாரடைப்பு டொக்டர். மத்தியானம் சாப்பிட்டிட்டுக் கதிரையிலை இருந்தவா."

"மாரடைப்போ? நல்லது பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அந்தப் பக்கம் அவள் அழுகையோடு சிரித்தாள். "அம்மாவும் இதைத்தான் சொல்லியிருப்பா" என்றாள்.

அவளிடம் மரணச் சான்றிதழின் பிரதி ஒன்று கேட்டு வாங்கினேன். அந்த வார்ட் இப்போது இல்லை. றெஜினா மிஸ்ஸி இல்லை, கந்தையா அண்ணை இல்லை, புத்தகமும் இல்லை. பன்னிரண்டு வருட வேலைக்கு என்னிடம் உள்ள ஒரே எழுத்துமூல அத்தாட்சி அந்தக் கடதாசிதான். மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் இருதயம் என்று எழுதியிருக்கிறது. புற்றுநோயைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை.