முதிரை நிலையில் ஐந்தாவது கீறல்

இது கட்டுக்கதை இல்லை. சாய்ந்தமருதில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நடந்தது. நம்பாதவர்கள் மர்சூக்கின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். கதவு நிலை இருந்த இடம் இன்னும் வெறும் வாசலாகத்தான் கிடக்கிறது.

பழைய வீடுகள் இடிபடும்போது கதவு, நிலை, யன்னலெல்லாம் வாங்கி ஹோட்டல்காரர்களுக்கு விற்பது மர்சூக்கின் தொழில். எந்த வீட்டுச் சாமான், என்ன மரம், எத்தனை வருடம் என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாங்குவான். கல்முனையில் அருள்ராணி என்பவரிடம் வாங்கிய முதிரை மர நிலையை மட்டும் அவனுக்கு விற்க மனம் வரவில்லை. தன் வீட்டு அறைக்கே பொருத்திவிட்டான். அதன் ஒரு காலில், கத்தியால் கீறிய நாலு கோடுகள். அந்த வீட்டுப் பிள்ளை வளர வளர அளந்திருக்கிறார்கள் என்று மனைவி றிபாவிடம் சொல்லிச் சிரித்தான்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தான். உள்ளே ஒரு சத்தம்.

கிர்ர்... கிர்ர்...

ஒரே மகள் ஹிமாயா, ஏழு வயது. நிலையோடு முதுகை ஒட்டி, குதிக்காலைச் சேர்த்து, நாடியை நிமிர்த்தி நின்றாள். பக்கத்தில் யாருமில்லை.

"ஆரு மகள் நிக்கச் சொன்ன?"

"கதைக்காதங்க வாப்பா... அளக்கிறாங்க."

சத்தம் நின்றது.

அவள் முடியில் மரத்தூள். உச்சந்தலைக்கு நேராக ஐந்தாவது கீறல்...

மர்சூக் மகளை நிலையிலிருந்து இழுத்தெடுத்தான். அப்படியே அருள்ராணியிடம் ஓடினான்.

"நாங்க வாங்கக்குள்ள மூணு கீறல்தான் தம்பி. நாலாவது என்ட மகன் மெல்ரொய்ட உயரம்."

"மகன் எங்கக்கா?"

"அந்தக் கீறல் விழுந்த நாளையில இருந்து அவன் வளரல்ல. நாலு வருசம் அப்படியே இருந்தான். பிறகு... இல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க மரத்தப் பத்தித்தானே கேட்டீங்க."

அருள்ராணி அந்த நிலையை வாங்கிய பாண்டிருப்பு வீட்டையும் தேடிப் போனான். அங்கேயும் ஒரு பிள்ளை. அதே கதி.

நிலையைக் கழற்றி எரித்தான். மகளுக்கு ஓதிப் பார்த்தார்கள். டொக்டர்மாரும் ஒரு குறையுமில்லை என்றார்கள்.

ஹிமாயாவுக்கு இப்போது பத்து வயது. போன மாதம் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்தார்கள். தையல்காரி நாடாவை எடுத்தாள்.

"அளக்க வேணாம்," என்றாள் றிபா. "ஏழு வயசில தச்ச அளவுதான்."