கிழிந்துபோன கடைசிப் பக்கம்

பேத்தியின் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்தேன். காய்ந்த வேப்பிலை வாசம் வந்தது. மல்லசமுத்திரத்துப் பக்கம் நான் படித்த பள்ளிக்கூடத்தின் ஒற்றை மர அலமாரி முன்னால் போய் நின்றுவிட்டேன்.

வெள்ளைக்காரன் காலம். எங்கள் நூலகம் என்பதே அந்த அலமாரிதான். பூச்சிக்கு வேப்பிலை போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார் சேலத்துக் கிறிஸ்தவ மிஷனிலிருந்து வந்த வேதக்கார வாத்தியார். இனாமாகக் கொடுக்கிற புத்தகத்தில் பிள்ளைகளை வேதத்தில் சேர்க்கிற சூது இருக்கும் என்பது அப்பாவின் சந்தேகம். அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் நான் எதைக் கொண்டுவந்தாலும் முழுக்கச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் நிலக்கடலை உரித்தபடி, சூது எங்கே வருகிறதென்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருமுறை, காட்டில் வழி தவறிய பெண்ணின் கதை. கடைசிப் பக்கத்தைக் காணோம்.

"பாத்தியா சாமி, அதுலதான் என்னமோ இருந்திருக்கோணும். வாத்தியாரு கிழிச்சு ஒளிச்சுப்போட்டாரு," என்றார் அப்பா. மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வாத்தியார் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வீட்டுலதான் கிழிஞ்சிருக்கும்."

"அது கெடக்குதுங்க. அந்தப் புள்ள ஊடு போய்ச் சேந்துச்சுங்களா, இல்லீங்களா?"

வாத்தியார் திகைத்துப்போய், "சேந்துட்டா," என்றார்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார். சோளக்காடு தாண்டியதும் நின்றார். "அவரு அதப் படிச்சதே இல்ல சாமி. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

பேத்தியின் நூலகத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இருந்தது. நடுவில் எதையும் கிழிக்கவில்லையே என்று முந்தின பக்கத்தின் எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.