கூழாங்கல் போட்டுக் குலுக்கிய காக்டெயில்

காக்டெயில் என்று யாராவது சொன்னாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மதுவிலக்கு இருந்த ஊரில் அதைப் பாடமாகப் படித்தவன் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

அறுபதுகளின் நடுவில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் சப்ளையராக இருந்தேன். இட்லி வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், சாப்பிட வந்தவர்கள் எதிரிலேயே முதலாளி என் அம்மாவை இழுத்துத் திட்டுவார். பாண்டிச்சேரிக் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டல்காரர் மதுபானம் கலக்கத் தெரிந்த ஆளைத் தேடுகிறார், குடும்பத்தோடு தங்க அறையும் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். "எப்படியாச்சும் அதப் புடிச்சிடுங்க. நீங்க தெனம் திட்டு வாங்கிக்கினு வர்றத என்னால பாக்க முடியல" என்றாள் என் மனைவி. அந்த வேலைக்காகத்தான் திண்டிவனத்துக் காக்டெயில் வகுப்பில் சேர்ந்தேன்.

கப்பலில் பட்லராக இருந்து ஊர் திரும்பிய ஒருவர் அரிசி மண்டிக்கு மேலே அறை எடுத்து நடத்திய வகுப்பு. அவரை மாஸ்டர் என்போம். ஞாயிறுதோறும் நாலைந்து பேர் கூடுவோம். ஒரு சொட்டு நிஜச் சரக்கு இருந்தால் எல்லோருமே கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் விஸ்கிக்கு டீ டிகாக்‌ஷன், ஜின்னுக்குப் பச்சைத் தண்ணீர், இனிப்பு ஒயினுக்கு நன்னாரி சர்பத். ஐஸுக்குப் பதில் பெண்ணையாற்றுக் கூழாங்கல். கழுவிப் போட்டு, மூடி போட்ட குவளையைக் காதோரம் வைத்துக் கடகடவென்று குலுக்குவோம். மார்ட்டினி, மன்ஹாட்டன் என்ற காக்டெயில் வகைகளெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கலக்கியதை ஒரு வாய் குடித்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். நன்னாரி துளி கூடினாலும் சொல்லிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை பாண்டிச்சேரியில் பரீட்சை. ஓட்டல்காரர் ஆறேழு வகை கலக்கச் சொன்னார். ஒன்றிலும் அளவு தப்பவில்லை. ஒவ்வொன்றையும் ருசி பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினேன். பக்கத்தில் எச்சில் துப்புகிற பித்தளைப் படிக்கம் ஒன்று பளபளவென்று இருந்தது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, வாயில் விட்டதையெல்லாம் விழுங்கினேன். தொண்டை எரிந்தது. வேலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருக்குப் பரம திருப்தி. யாரிடம் படித்தாய் என்று கேட்டார். மாஸ்டரின் பெயரையும் விலாசத்தையும் பெருமையாகச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள் என்றார்.

அன்று ஊர் திரும்பும்போது, எல்லை தாண்டி மதுவிலக்குப் பக்கம் நுழைந்ததும் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராக ஊதச் சொன்னார்கள். நானும் ஊதினேன். போலீஸ்காரர் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார். வேலைக்காக ருசி பார்த்தேன், குடிக்கவில்லை என்று கெஞ்சினேன்.

"பாண்டிக்குப் போய்க்கினு வர்றவன் எவன்டா குடிக்கப் போனேன்னு சொல்லியிருக்கான்?"

பஸ்ஸே சிரித்தது. பின்னால் வந்த கார்களில் சாய்ந்து கிடந்த பெரிய மனிதர்களை ஊதச் சொல்ல ஒருத்தனுக்கும் துப்பில்லை. சலாம் வைத்து அனுப்பினார்கள். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிறு முழுவதும் லாக்கப். திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தி, வெளியே விட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் பாண்டிச்சேரிக்கு ஓடினேன். கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மாஸ்டர் நின்றார். நான் வரவில்லை என்றதும் அவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"முழுங்கிட்டியா? படிக்கத்துல துப்பணும்பா. அதுக்குத்தான் அங்க வச்சிருக்கு."

"கிளாஸ்ல ஏன் மாஸ்டர் சொல்லல?"

"டீயப் போய் எவனாச்சும் துப்புவானா? எனக்குத் தோணவே இல்ல."

சொல்லிவிட்டு நிஜ ஐஸைப் போட்டுக் குலுக்கத் தொடங்கிவிட்டார். பாவி. அந்தக் குவளையைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

செய்தி எனக்கு முன்பே விழுப்புரம் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை போகவில்லை. ஆனால் மறுநாள் காலை கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஊதிவிட்டு உள்ளே போகச் சொன்னார். இட்லிக்குக் காத்திருந்த அத்தனை பேரும் பார்க்க ஊதினேன். அதற்கப்புறம் அந்த ஓட்டலில் இருந்தவரைக்கும் தினமும் ஊதிவிட்டுத்தான் உள்ளே போனேன்.