என் மேல் விழுந்த சுண்ணாம்புப் பழி

என் வீட்டுக்காரரின் நெஞ்சில் சுண்ணாம்பு படிந்ததற்கு நான்தான் காரணம் என்று ஒரு காலத்தில் தோட்டமே பேசியது. அந்தப் பழியை ஆண்டவர் எப்படி நீக்கினார் என்று சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன். அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுனாமி வந்துபோய்ச் சில வருஷம் கழித்து நடந்தது. என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்பார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயு என்று மருந்துத் தண்ணி கொடுத்தார்கள். குடித்துக் குடித்து ஏப்பம்தான் வந்தது. கடைசியில் பதுளையில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் போனோம். கொழும்புக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய்களில் கால்சியம் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளந்து, ஒரு எண்ணாகச் சொல்வார்களாம். பூஜ்யம் வர வேண்டும் என்று உபவாசம் இருந்தேன். நானூறுக்கு மேல் வந்தது.

"குழாயில சுண்ணாம்புச் சத்து இறுகிப்போய்க் கிடக்கு" என்றார் டாக்டர். கூட வந்த மாமி அதைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குத் தினமும் வெற்றிலை மடித்துக் கொடுத்தது நான்தானே.

"ஏண்டி, சுண்ணாம்பத் தடவித் தடவிக் குடுத்து எம்புள்ளயக் கொல்லப் பாத்தியா?"

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "வெத்திலைச் சுண்ணாம்பு அங்க போய்ப் படியாது அம்மா. இது வேற. தகப்பனும் இளவயசில நெஞ்சு வலியில போனவர் எண்டு சொல்லுறியள். மற்ற மகனையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோ."

"அவன் வெத்தலயே தொடமாட்டாங்க ஐயா. அவனுக்கு எங்கேருந்து சுண்ணாம்பு வரப்போகுது" என்றார் மாமி.

என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் ஆபரேஷன் நடந்து உயிர் தப்பியது. எனக்குத்தான் விடிவு இல்லை. கொழுந்து பறிக்கும் மலையில் என் கையால் வெற்றிலை வாங்க ஒருத்தியும் இல்லை. ஜெபக்கூட்டத்திலும் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் இப்போதும் இங்கே இருக்கிறீர்கள், பெயர் சொல்லமாட்டேன்.

கொழுந்தனிடம் எத்தனையோ தடவை சொன்னேன், ஒருதரம் டாக்டரிடம் காட்டு என்று. அவன் சிரிப்பான். "எனக்கு வெத்தல மடிக்க இன்னும் பொண்ணே பாக்கலயே அண்ணி, எனக்கு என்னா வரப்போகுது?"

நான் முழங்காலில் விழுந்து அழுதேன். "ஆண்டவரே, என்மேல் தப்பில்லை என்று எல்லார் கண்ணும் காணும்படி செய்யும்." இதைத்தான் கேட்டேன். வேறு ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

ஒரு நாள், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டமே நின்றுகொண்டிருந்தபோது, கொழுந்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பதுளைக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. அறுத்துப் பார்த்தபோது அவன் குழாய்களும் அதேபோல் இறுகியிருந்தனவாம். கத்தி நறநறவென்றதாம்.

வெற்றிலை தொடாதவன். எல்லார் கண்ணும் கண்டது. நான் கேட்டபடியே நடந்தது. பிணம் வீட்டில் இருக்கும்போதே பொம்பளைகள் வந்து என் கையைப் பிடித்தார்கள். "ஒம்மேல தப்பில்ல புள்ள" என்றார்கள்.

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம்மகன் செத்துத்தான் ஒனக்கு நல்ல பேரு வரணுமாடி?"



என் வீட்டுக்காரரைத் திருப்பித் தந்ததற்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், அதில் குறைவைக்க மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் எனக்காக எதையும் கேட்கப் பயமாக இருக்கிறது. நீங்களும் அவரை நம்புங்கள், அவர் கேட்கிறார். வீட்டில் ஒருத்தருக்கு இந்த நோய் வந்தால், கூடப் பிறந்தவர்களை முதலில் பதுளைக்கு பஸ் ஏற்றிவிட்டு, பிறகு முழங்காலில் நில்லுங்கள்.

மாமி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆமென் சொல்வதென்றால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.