ஷிஃப்டுக்குக் குறுக்கே போனவள்

காங்வான் மலையில், சொக்கோல் என்ற கரிச் சுரங்கத்துக்கு மேலே, மல்சுன்னுக்கு ஒரு உருளைக்கிழங்குக் காடு இருந்தது. ஊரில் அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் இல்லை. அவளும் யாரைப் பற்றியும் சொன்னதில்லை.

காலை ஷிஃப்டின் நாற்பது பேரும் அந்தக் காட்டோரமாகத்தான் குழிக்கு இறங்குவார்கள். அவர்கள் போய் முடியும்வரை எந்தப் பொம்பளையும் பாதையில் கால் வைக்கக் கூடாது. குறுக்கே போனால் பாறை சரியுமாம். பெரிய கண்டுபிடிப்பு! பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், புருஷன் மறந்துவிட்டுப் போன சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு மல்சுன் அந்தப் பாதையில் அவன் பின்னாலேயே ஓடினாள். அன்று மதியம் குழிக்குள் அவன்மேல் பாறை விழுந்தது. புருஷனை முழுங்கினவள் என்று மாமியார் சாகும்வரை சொன்னாள். ஊர் இன்னும் சொல்கிறது.

கிழங்கு பூத்த சமயம் சுரங்க மேஸ்திரி பாங் வந்தான். குழியிலிருந்து வரும் கழிவுக் கல்லைக் கொட்ட அவள் காடு வேண்டுமாம்.

"தர முடியாது."

"ஆம்பளை இல்லாத வீடு. உனக்கெதுக்கும்மா இவ்வளவு காடு?"

"ஆம்பளையத்தான் உங்க குழி தின்னுடுச்சே. காட்டையும் திங்கணுமா?"

"குழியா தின்னுச்சு? ஊரைக் கேட்டுப் பாரு. திங்கக்கிழமை லாரி வரும்."

திங்கட்கிழமை விடிந்ததும் மல்சுன் பாதைக்கு இறங்கினாள். ஷிஃப்டு வந்ததும் அவர்கள் கண்ணெதிரே குறுக்கே நடந்தாள். திரும்பவும் நடந்தாள். நாற்பது பேரும் காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். செவ்வாயும் புதனும் அதே கதை. குழி ஓடினால்தானே கல் வரும்? லாரி சும்மா நின்றது.

வியாழக்கிழமை பாங்கும் ஷிஃப்டோடு வந்தான்.

"இன்னைக்குத் திரும்பிப் போறவன் இனிமே வரவே வேண்டாம்."

முதலில் அடியெடுத்து வைத்தவன் அவள் கொழுந்தன் தல்சு.

"வழி விடுங்க, அண்ணி."

"குறுக்கே வந்துட்டேன், தல்சு. உள்ளே போனா செத்துடுவே."

"பிள்ளைங்க இருக்கு, அண்ணி."

தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனான். மற்றவர்களும் போனார்கள்.

அன்று அவள் ஒரு களையும் பிடுங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து, அபாயச் சங்கு ஊதட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இதில் மறைக்க என்ன இருக்கிறது, அவ்வளவு வயிற்றெரிச்சல். சாயங்காலம் நாற்பது பேரும் கரி அப்பிய முகத்தோடு முழுசாக மேலே வந்தார்கள். பின்னாலேயே லாரி வந்து, பூத்து நின்ற செடிகள்மேல் முதல் லோடைக் கொட்டியது.

மல்சுன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தல்சுவின் சட்டையைப் பிடித்தாள்.

"எல்லாரும் வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம், அண்ணி."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை."

"அப்ப உங்க அண்ணனை யாருடா கொன்னது?"

தல்சு அவள் பிடியிலிருந்து சட்டையை விடுவித்துக்கொண்டான். அவள் பாங்கைத் தேடினாள். அவன் லாரிக்காரனுக்கு அடுத்த லோடை எங்கே கொட்டுவது என்று கைகாட்டிக்கொண்டிருந்தான்.